நான் கூட்டிப் போட்ட பதினெட்டு

எங்கள் வீட்டில் துப்பாக்கி சுடுகிறவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆள் ஒல்லி. குரல் எழும்பவே எழும்பாது. பகல் முழுக்க ஓசூருக்கு வெளியே ஒரு ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் குடில்களுக்குள் வேலை. காம்பு நீளம் பார்த்துப் பூக்களைத் தரம் பிரிப்பதை மேற்பார்வை செய்வாள். மூன்று வேளையும் குடிலின் சூட்டையும் ஈரத்தையும் நோட்டில் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதே கையால் துப்பாக்கியின் குதிரையை அழுத்தி, அறுநூறு மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையில் ஓட்டை போடுவாள்.

நான் தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறேன். பத்து வருஷம் சிஎன்சி மெஷின்களுக்கு செட்டிங் போட்டேன். பிறகு அளவு பார்க்கும் லேபுக்கு மாற்றினார்கள். மைக்ரான் கணக்கிலேயே பேசிப் பேசி, வீட்டில் தோசை ஓரம் கொஞ்சம் தடித்தாலும் "இது ரிஜெக்ட்" என்று ஒதுக்கும் அளவுக்குப் போய்விட்டேன். என் வாய்க்குப் பயந்து என் மாமியாரே இட்லியைக் கண்ணால் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். அளவு என்று வந்தால் இந்த ஜில்லாவிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு. வினையும் அதில்தான் இருந்தது.

என் நாத்தனார் காலேஜில் என்.சி.சி. பரேடுக்குப் போனபோது சுடக் கற்றவள். பிறகு ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்தாள். சுடும் இடம் கர்நாடக எல்லையை ஒட்டி, இரண்டு கரட்டுக் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த கிளப்பில் தூரத்துக்குச் சுடுகிற துப்பாக்கி இரண்டே இரண்டுதான். கேட்பவர்களோ பதினைந்து பேர். அதனால் வருஷத்துக்கு ஒரு சோதனைப் போட்டி வைப்பார்கள். முந்நூறு, நானூற்றைம்பது, அறுநூறு மீட்டரில் ஐந்தைந்து குண்டு. நூற்றைம்பதுக்கு நூற்று முப்பத்தைந்து எடுத்தால் அந்த வருஷம் முழுக்க ஒரு துப்பாக்கி அவள் பேரில் இருக்கும், மாநிலப் போட்டிக்கும் அதையே எடுத்துப் போகலாம். எடுக்காவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். அவள் முன்பே ஒருமுறை அந்த வரிசையில் மூன்று வருஷம் நின்றவள். போட்டியில் முன்னோட்டமாகச் சுட்டுப் பார்க்கக் குண்டு கிடையாது. ஐந்தும் சுட்டு முடித்த பிறகுதான் அட்டையைக் கண்ணில் காட்டுவார்கள். முதல் குண்டு தப்பு என்றால் ஐந்தும் தப்பு.

இங்கேதான் நான் உள்ளே வருகிறேன். அவ்வளவு தூரத்துக்கு குண்டு நேராகப் போகாது, விழுந்துகொண்டே போகும். எவ்வளவு விழும் என்று சொல்ல போனில் ஒரு கணக்குப் போடும் ஆப் இருக்கிறது. குண்டின் எடை, குழலை விட்டுக் கிளம்பும் வேகம், வெப்பம், காற்றழுத்தம் எல்லாம் கொடுத்தால் குண்டை அவ்வளவு தூக்கி விட துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்பின் குமிழை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று சொல்லும். கொடுக்கிற எண் சுத்தமாக இருந்தால் வருகிற எண்ணும் சுத்தமாக இருக்கும். "அண்ணி, இதை நீங்க பாத்துக்கிறீங்களா? உங்களுக்குத்தான் இதெல்லாம் கை வந்த கலை" என்று அவள் ஒருநாள் கேட்டாள். கேட்டால் விடுவேனா? அன்றிலிருந்து ஆப் என் போனில், நோட்டு அவள் கையில்.

வேகத்தை அளக்க கிளப்பில் ஒரு பெட்டி உண்டு. இருபது குண்டு சுட்டு சராசரி எடுத்தோம், நொடிக்கு எழுநூற்றுத் தொண்ணூறு மீட்டர். அதில் ஒரு குறையும் இல்லை. வெப்பத்துக்கு அவள் பண்ணைத் தெர்மாமீட்டர். காற்றழுத்தத்துக்கு நான் போனில் வானிலை பார்த்தேன். ஆயிரத்துப் பதினான்கு மில்லிபார் என்று காட்டியது, அப்படியே போட்டேன்.

இதில் ஒரு கூத்து சொல்ல வேண்டும். எங்கள் லேப் சுவரில் வெப்பம், ஈரம், அழுத்தம் மூன்றையும் காட்டும் ஒரு மீட்டர் இருக்கிறது. அதில் அழுத்தம் எப்போதும் தொள்ளாயிரத்துப் பத்துக்கு அக்கம்பக்கம்தான் நிற்கும். போன் ஆயிரத்துப் பதினான்கு சொல்லும்போது இது நூறு குறைத்துச் சொல்கிறதே, மீட்டர் கெட்டுப்போச்சு என்று நானே முடிவு கட்டி, நானே கையெழுத்துப் போட்டு, பழுது என்று சிவப்பு டேக் ஒட்டினேன். போன் தப்பாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

முதல் ஞாயிறு. முந்நூறில் அழகாகப் பட்டது. நானூற்றைம்பதில் கொஞ்சம் மேலே. அறுநூறில் ஐந்து குண்டும் கூட்டமாக, நடுவிலிருந்து அரைச் சாணுக்கு மேல் உயரத்தில் போய் உட்கார்ந்தன. அட்டையடிப் பள்ளத்திலிருந்து குரல் கொடுப்பவர் கன்னடக்காரர். ரேடியோவில் "மேலே ஹோய்த்து! மேலே ஹோய்த்து!" என்று ஐந்து முறை கத்தினார். மேலே போச்சு என்று தெரிய எனக்குக் கன்னடம் வேண்டியதில்லை, அவர் குரலே போதும். எனக்கு மானம் போனது.

மெஷினில் பத்து வருஷம் நின்றவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. பீஸ் இரண்டு புள்ளி தடித்து வந்தால் ஏன் என்று கேட்க மாட்டோம். மெஷினில் திருத்தம் போடும் ஆஃப்செட் பக்கத்தைத் திறந்து, இரண்டு புள்ளியைக் கழித்துப் போட்டுவிட்டு பட்டனைத் தட்டுவோம். அடுத்த பீஸ் சரியாக வரும். ஷிப்ட் முடியும்வரை எல்லாம் சுகம். அவள் அட்டையைப் பார்க்க நடந்து போயிருந்த நேரத்தில் நான் ஆப்பைத் திறந்தேன். குண்டு மேலே போகிறது என்றால் ஆப் நினைப்பதைவிட வேகமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டேன். எழுநூற்றுத் தொண்ணூறை எண்ணூற்றெட்டாக்கினேன். பதினெட்டு மீட்டர், என் பாக்கெட்டிலிருந்து. கணக்கு மூன்று கிளிக் இறங்கியது. அவள் திரும்பி வந்து மறுபடி சுட்டாள். நடுவில் பட்டது.

"என்ன அண்ணி பண்ணீங்க?"

"ஒரு சின்ன கரெக்‌ஷன். நீ சுடு."

அவ்வளவுதான் சொன்னேன். அளந்து எடுத்த எண்ணை நான் கையால் மாற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. லேபில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் அவன் குலத்தையே இழுத்திருப்பேன்.

இரண்டு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. ஞாயிறுதோறும் அறுநூறில் நடு. வீட்டுக்கு வந்ததும் அவள் என் மாமியாரிடம், "அண்ணி போட்ட கணக்கு, அப்படியே வெச்ச எடத்துல போய்ப் படுதும்மா" என்பாள். நானும் வெட்கமில்லாமல் சிரித்துக்கொள்வேன். நானூற்றைம்பதில் மட்டும் அரை கிளிக் இடிக்கிறது என்று அவள் இரண்டு மூன்று முறை சொன்னாள். காற்றாக இருக்கும் என்று அடித்துப் பேசி அவள் வாயை அடைத்தேன்.

அந்த வருஷம் சோதனைப் போட்டியை எங்கள் ஊர் மேட்டிலிருந்து கீழே இறங்கி, கடற்கரைப் பக்கத்துச் சமவெளியில் இன்னொரு கிளப்பின் இடத்தில் வைத்தார்கள். முந்தின நாள் சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் ஓட்டினார். அவள் முன்னால், நான் பின்னால். சூளகிரி வருவதற்குள் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தாள். பயம் வந்தால் அவளுக்கு தாகம் எடுக்கும். காலி பாட்டிலை மூடி இறுக்கித் திருகி டேஷ்போர்டு மேல் வைத்தாள்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் அந்த பாட்டில் 'கடக்' என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. வாணியம்பாடிக்குப் பக்கத்தில் மறுபடி 'கடக்'. பார்த்தால் பாட்டிலின் இடுப்பு உள்ளே ஒடுங்கியிருந்தது. யாரும் தொடவில்லை, அது பாட்டுக்கு நசுங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நீ அமுக்குனியா?"

"நான் ஸ்டியரிங்கப் புடிப்பனா, உன் பாட்டிலப் புடிப்பனா? வேற வேல இல்ல எனக்கு."

அவள் பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள். பிறகு பின்னால் திரும்பி, "அண்ணி, இப்ப வானிலையில அழுத்தம் எவ்வளவு காட்டுது பாருங்க" என்றாள்.

பார்த்தேன். "ஆயிரத்துப் பன்னெண்டு."

மடியிலிருந்த நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு ஞாயிறின் வெப்பம், அழுத்தம், சுட்ட கிளிக் எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். "மேல நம்ம ஊர்ல ஆயிரத்துப் பதினாலு. இங்க ஆயிரத்துப் பன்னெண்டு. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்ப இந்த பாட்டில் எதுக்கு அண்ணி நசுங்குது?"

நான் போனையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"உள்ள இருக்கிறது ஓசூர் காத்து. வெளிய இருக்கிறது இந்த ஊர் காத்து. வெளிய ஜாஸ்தி, உள்ள கம்மி. அதான் அமுக்குது. அப்ப போன் நம்ம ஊருக்குச் சொல்ற நம்பர் நெசமான நம்பர் இல்ல. எல்லா ஊரையும் கடல் மட்டத்துல வெச்ச மாதிரி ஒப்பேத்திச் சொல்லுது. நம்ம ஊர்ல காத்து இன்னும் லேசு. காத்து லேசா இருந்தா குண்டு அவ்வளவா விழாது, மேல போகும்."

ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டு, பத்தாவது பாடப் புத்தகத்துக்கு மேல் பௌதிகம் படிக்காதவள், மெஷினும் லேபுமாகப் பதினான்கு வருஷம் அளவோடு கிடந்த எனக்கு இதைச் சொல்கிறாள். அடி ஆத்தி என்று இருந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"மொத ஞாயித்துக்கிழம மேலதான் போச்சு. அப்புறம் எப்படி அண்ணி நடுவுல பட்டுச்சு?"

கண்ணாடியில் என் வீட்டுக்காரரின் கண் தெரிந்தது. ஏதேதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயால் ஜெயிக்காத நாள் எனக்கு உண்டா? ஆனால் கடலோரத்தில் அழுத்தம் நிஜமாகவே ஆயிரத்துப் பன்னிரண்டு, நான் கூட்டிய பதினெட்டோடு சுட்டால் நாளைக்குக் குண்டு கீழே விழும். மூன்று கிளிக் கீழே. மூன்று வருஷம் வரிசையில் நின்றவள் மறுபடியும் போய் நிற்பாள்.

"நான்தான் மாத்துனேன்" என்றேன். "வேகத்துல பதினெட்டு கூட்டிப் போட்டேன். நீ அட்டையப் பாக்கப் போனப்ப. உங்கிட்ட சொல்லல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க அண்ணி. அப்ப எழுநூத்தித் தொண்ணூறுக்கே மாத்துங்க" என்றாள்.

"மாத்துனா? ரெண்டு மாசமா சுட்டுப் பாத்த நம்பர் அது. நாளைக்கு நீ போடப்போறது ஒரு குண்டுகூட சுட்டுப் பாக்காத நம்பர்." ஓடுகிற செட்டிங்கைத் தொடாதே என்பதுதான் எங்கள் மெஷின் ஷாப்பின் முதல் பாடம்.

"சுட்டுப் பாத்துருக்கோமே அண்ணி. நம்ம ஊர்லதான் சுட்டோம், காத்து மட்டும்தான் தப்பா எழுதிட்டோம். நெசமான அழுத்தம் எவ்வளவுன்னு தெரிஞ்சா பழைய கணக்க எல்லாம் திருப்பிப் போட்டுப் பாக்கலாம். யாருகிட்ட இருக்கும்?"

யாரிடம் இருக்கும்! என் லேப் சுவரில் இருந்தது. சனிக்கிழமை ஷிப்ட் பையனுக்குப் போன் போட்டேன்.

"செவுத்துல இருக்கிற மீட்டர்ல அழுத்தம் என்ன காட்டுதுடா?"

"மேடம், அது பழுது மேடம். ரெட் டேக் ஒட்டியிருக்குது."

"ஒட்டுனவளே நான்தான்டா. நீ நம்பரப் படி."

"தொள்ளாயிரத்துப் பன்னெண்டு மேடம்."

ஊருக்குத் திரும்பியதும் திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த டேக்கை நானே கிழித்தேன். அந்தப் பையன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், பார்க்கட்டும்.

ஆம்பூர் பக்கம் ஒரு புளியமரத்தடியில் காரை ஓரங்கட்டச் சொன்னாள். நோட்டை பானட்டின் மேல் விரித்தாள். ஒவ்வொரு ஞாயிறாக அவள் படிக்க, நான் ஆப்பில் போட்டேன். அளந்த வேகம், தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அழுத்தம், அந்தந்த நாளின் வெப்பம். அறுநூறுக்கு நாற்பத்தெட்டு கிளிக் என்றது. நாங்கள் சுட்டதும் நாற்பத்தெட்டுதான். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு, எல்லாம் அப்படியே. நானூற்றைம்பதில் அவள் சொல்லிக்கொண்டே இருந்த அந்த அரை கிளிக்கும் சொல்லிவைத்ததுபோல் ஒழிந்தது. காற்று என்று நான் அடித்துப் பேசியது காற்று இல்லை, நான்தான். பிறகு கடலோரச் சமவெளியின் அழுத்தத்தைப் போட்டோம், அங்கே போன் சொல்வதே சரியான எண். அறுநூறுக்கு ஐம்பத்தொன்று.

என் வீட்டுக்காரர் மரத்தடியில் வேர்க்கடலை தின்றுகொண்டே, "நீங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரு எழவும் புரியல. ஜெயிக்குமா ஜெயிக்காதா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

"நாளைக்குத் தெரியும்ணா" என்றாள் அவள். காரில் ஏறும்போது நசுங்கிய பாட்டிலை எறியாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அந்த ஊர் கொதித்தது. தோட்டா சூடேறினால் மருந்து வேகமாக எரியும் என்று, அவள் தோட்டாப் பெட்டியை ஈரத்துணி போட்டு நிழலில் வைத்துக்கொண்டாள். வாடல் பிடிக்காமல் பூவை எப்படி வைப்பாளோ அப்படி. முந்நூறும் நானூற்றைம்பதும் முடிந்து அட்டைகள் வந்தபோது தொண்ணூற்று மூன்று. அறுநூறில் நாற்பத்திரண்டு வேண்டும். என் பதினெட்டோடு சுட்டிருந்தால் முப்பத்தைந்தைத் தாண்டாது. அந்தக் கணக்கை நான் இரவே போட்டுப் பார்த்துவிட்டேன், தூக்கம் வந்தால்தானே.

அவள் படுத்தாள். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தாள். ஸ்கோப்பின் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து திருப்பினாள். பின்னால் நாற்காலியில் இருந்த எனக்கு ஒவ்வொரு கிளிக்கும் காதில் விழுந்தது, எண்ணிக்கொண்டே இருந்தேன். நாற்பத்தெட்டு வந்ததும் அவள் விரல் நின்றது. இரண்டு மாதம் நடுவில் பட்ட எண் அது. அவளுக்கும் ஒரு நொடி ஆசை காட்டியிருக்கும்தானே? தலையைத் தூக்கி தூரத்துக் கொடியின் ஆட்டத்தைப் பார்த்தாள். பிறகு மூன்று கிளிக் திருப்பினாள், நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று.

ஐந்து குண்டுக்கும் சேர்த்து ஏழு நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஒன்று சுட்டதும் அடுத்ததற்கு அவசரம் இல்லை. கொடி இறங்கும்வரை காத்திருப்பாள், அது இறங்காவிட்டால் விரலை எடுத்துவிடுவாள். நான் ஆயிரம் மெஷின் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிற ஒரு ஆளை அன்றுதான் பார்த்தேன். இவள் என் வீட்டில், என் பக்கத்து அறையில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

அட்டை வந்தது. ஒன்பது, ஒன்பது, பத்து, எட்டு, எட்டு. நாற்பத்து நான்கு. உயரம் நூல் பிடித்த மாதிரி. மொத்தம் நூற்று முப்பத்தேழு. நான் எழுந்து நின்று அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. "எதுக்கு அண்ணி அழுவுறீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மத்தியானமே ஊருக்குக் கிளம்பினோம். இந்தமுறை அவள் பின்சீட்டில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாட்டில் என் கையில் இருந்தது. கிருஷ்ணகிரி தாண்டி மேடு ஏற ஏற அதன் இடுப்பு மெல்ல மெல்ல நிமிர்ந்தது. சூளகிரிக்குப் பக்கத்தில் 'டப்' என்று பழைய உருவத்துக்கு வந்தது. இதை எழுதி வைத்தால் எழுந்து பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மடியில் இருந்த நோட்டை மெதுவாக எடுத்தேன். எழுத இடம் தேடிப் புரட்டும்போது அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வந்தது. அவள் பொடிக் கையெழுத்து.

"அளந்த வேகம் 790. ஆப்பில் இப்போது 808. அண்ணி மாற்றியிருக்கிறார்கள். காரணம் இருக்கும்."

கிளிக் எண் பார்க்க என் போனை வாங்கியபோது, அன்றே பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் 808 என்ற எண்ணைப் பார்த்து, எழுதி, அதை நம்பிச் சுட்டிருக்கிறாள். வீட்டில் என்னைப் புகழ்ந்திருக்கிறாள். காரில் "எப்படி அண்ணி நடுவுல பட்டுச்சு?" என்று கேட்டபோது அவளுக்குப் பதில் தெரியும்.

சனிக்கிழமைப் பக்கத்துக்குப் புரட்டினேன். ஐம்பத்தொன்று கிளிக் என்ற கணக்குக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

"அண்ணியே சொல்லிவிட்டார்கள்."